உடைமையும் உயிரும்

தன் பொருளைக் கவர வந்தவனை உடையவன் கொன்றுவிட்டால் அது குற்றமாகுமா? இவ்வினாவை நம் ஊர்களில் யாரிடம் விடுத்தாலும், "கள்ளனைக் கொல்வது குற்றமா? அவனை யார் வரச் சொன்னது?" என்னும் எதிர்வினாவே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். கற்றோர் அவையிலும் இக்கருத்து ஒலிக்கக் கேட்டிருக்கிறோம். சட்டமும் அவ்வாறே கூறுகிறதென்று பலர் நம்புகின்றனர். கூறாவிடின் கூறவேண்டுமென்று வேறு பலர் விரும்புகின்றனர். இவ்விரு சாராரோடும் நாம் மாறுபடுகிறோம். இதனை வழக்கறிஞர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சியென்று வாசகர் ஒதுக்கிவிடலாகாது. இரவில் விளைநிலத்தைச் சுற்றி மின்கம்பி கட்டிவிட்டு உறங்கச் செல்லும் உழவர் சிலர் நம் நாட்டில் இன்றும் உளர். அத்தகைய ஊர்களிலிருந்து வந்து நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து பயில்வோரும் உளர்.

முதற்கண் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். சட்டம் உடைமையை இகழவில்லை. உடையவனைக் கைகட்டி நிற்கவும் சொல்லவில்லை. 1837-ஆம் ஆண்டில் மெக்காலேயும் அவருடன் அமர்ந்த ஆணையரும் இந்தியாவுக்கெனத் தண்டனைச் சட்ட வரைவொன்றை இயற்றியபோது, இந்நாட்டு மக்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் ஆண்மையுணர்ச்சியைத் தூண்டுவதே தம் விருப்பமென்றும், அவ்வுரிமைக்குத் தளைகளைப் பெருக்குவதன்றென்றும் தம் குறிப்பில் எழுதி வைத்தனர். அவ்வரைவு பல திருத்தங்களுக்குப்பின் 1860-இல் சட்டமாயிற்று. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலவிய அச்சட்டத்தின் இடத்தை 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா பெற்றுள்ளது. பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை அமைந்திருந்த தற்காப்புப் பிரிவுகள் புதிய சட்டத்தில் 34 முதல் 44 வரை எண் மாறின. பொருள் பெரிதும் மாறவில்லை.

இப்பிரிவுகள் தரும் உரிமை சிறிதன்று. தன் உடலையும் பிறர் உடலையும், தன் பொருளையும் பிறர் பொருளையும் காக்க யார்க்கும் உரிமையுண்டு. களவு, கொள்ளை, அழிம்பு, அத்துமீறி நுழைதல் ஆகியவற்றை எதிர்த்து நிற்கலாம், கள்வனைப் பிடிக்கலாம், திமிறினால் அடிக்கலாம், தள்ளலாம், கட்டலாம். அஞ்சி நடுங்குபவன் தன் அடியைப் பொன் தராசில் நிறுத்து அடிக்கவேண்டுமென்று நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதுமில்லை. ஆதலின், சட்டம் கள்வனுக்கே துணை நிற்கிறது என்னும் குறை, சட்டத்தைப் படியாதார் கூறும் குறையே யாகும்.

ஆயின் உயிரைப் போக்கும் அளவுக்கு இவ்வுரிமை எப்போது நீளும்? உடைமையைப் பொறுத்தமட்டில் நான்கிடங்களையே சட்டம் சுட்டுகிறது. புதிய சட்டத்தின் 41-ஆம் பிரிவு அது. கொள்ளை ஒன்று. ஞாயிறு மறைந்தபின்னும் அது எழுமுன்னும் வீட்டை உடைத்துப் புகுதல் மற்றொன்று. மக்கள் வாழவோ பொருள் வைக்கவோ பயன்படும் கட்டடம், கூடாரம், கலம் ஆகியவற்றைத் தீயாலேனும் வெடிபொருளாலேனும் அழிக்க முற்படுதல் மூன்றாவது. நான்காவதில் களவும், அழிம்பும், வீட்டினுள் அத்துமீறலும் அடங்கும். ஆனால் வெறுங்களவு போதாது. உரிமையைப் பயன்படுத்தாவிடின் சாவோ கொடுங்காயமோ நேருமென்று நியாயமாக அஞ்சத்தக்க நிலை இருத்தல் வேண்டும். இந்நான்கிற்கும் புறம்பான எக்களவிலும் கள்வனுக்கு வேறு தீங்கு செய்யலாமேயன்றிச் சாவை வருவித்தல் ஆகாது. இந்நான்கிலுங்கூட, காத்தற்கு வேண்டிய அளவுக்கு மேற்பட்ட தீங்கு ஆகாதென்றும், அரசின் துணையை நாட நேரமிருக்குமாயின் உரிமையே இல்லையென்றும் 37-ஆம் பிரிவு தடையிடுகிறது.

இந்நான்கையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படாமற் போகாது. இவற்றுள் எதிலும் பொருளின் விலை பேசப்படவில்லை. ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அடிக்கலாம், இலட்ச ரூபாய்ப் பொருளுக்குக் கொல்லலாம் என்று எவ்விடத்தும் இல்லை. கொள்ளையில் அச்சுறுத்தலும் வன்முறையும் உண்டு. நெருப்பில் உள்ளே உறங்குவோர் வேகக்கூடும். இருளில் கதவை உடைத்து வருபவன் கையில் யாதுளதென்று யாரும் அறியார். பெயரளவில் இவை உடைமைக் காவலாயினும், உள்ளே நிற்பது உயிருக்கு வரும் அச்சமே. பொருளுக்காக மட்டும் ஓருயிரை எடுக்கும் உரிமையை இச்சட்டம் வழங்கிற்று என்று கொள்வதற்கு நாம் இடங் காணவில்லை.

இரவைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க விரும்புகிறோம். ஏனெனில் இவ்வேறுபாடு மிகப் பழைமையானது. யாத்திராகமத்தின் இருபத்திரண்டாம் அதிகாரத்தைப் படித்தவர் இதனை அறிவர். கன்னமிடும்போது அகப்பட்ட கள்வன் அடிபட்டுச் செத்தால் அடித்தவன்மேல் இரத்தப்பழியில்லை. சூரியன் அவன்மேல் உதித்திருந்தாலோ பழியுண்டு என்பது ஆண்டுக் கூறப்படும் நீதி. உரோமரின் பன்னிரு பலகைச் சட்டமும் இரவிற் களவு செய்தவனைக் கொல்வதைப் பொறுத்து, பகலில் வந்தவன் படைக்கலத்தால் எதிர்த்தாலன்றிக் கொல்லலாகாதென்று விதித்தது. கடல்களால் பிரிந்த மக்களும் ஒரே இடத்திற் கோடு கிழித்திருப்பது வியப்பன்றோ?

இவ்வேதப்பகுதிக்கு யூத ஆசிரியர் தல்மூதில் கூறிய விளக்கம் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. கன்னமிடுபவனைக் கொல்லலாமென்பது ஏன்? வீட்டுக்காரன் தன் பொருளைக் காக்க எழுவான் என்பது கள்வனுக்குத் தெரியும். தெரிந்தும் வருகிறவன், எழுந்தவனைக் கொல்லவும் துணிந்தே வருகிறான் என்பது அவர்கள் கொண்ட ஊகம். அங்ஙனமாயின் சூரியன் உதித்தல் என்பது யாது? வானத்துச் சூரியனை மட்டும் அது குறிப்பதன்று. வந்தவன் கொல்லமாட்டான் என்பது வீட்டுக்காரனுக்குச் சூரியனைப் போல் தெளிவாகிவிட்டால் அதுவே உதயம் என்றனர். எடுத்துக்காட்டும் தந்தனர். மகன் வீட்டில் கன்னமிட்டுத் தகப்பனே நுழைகிறான். எத்தகைய தகப்பனும் மகனைக் கொல்லான் என்பது உலகறிந்தது. ஆகவே நள்ளிரவேயாயினும் மகன் தகப்பனைக் கொல்லலாகாது. ஊகத்தின்மேல் எழுந்த உரிமை, ஊகம் பொய்யென்று கண்ட கணத்திலேயே வீழ்ந்துபடும் என்பது இதனால் விளங்கும்.

நிற்க. இவ்விளக்கத்தைக் கைவிளக்காகக் கொண்டு நம் நாளைய செயல்களை நோக்குவோம். வீட்டுக்காரன் நேரில் நின்று அஞ்சி, அவ்வச்சத்தால் அடித்தான் என்றால், அவன் அடி பிழைபட்டதாயினும் அதனை மன்னிக்க வழியுண்டு. நல்லெண்ணத்தோடு அளவு கடந்துவிட்டவன்மேல் கொலைக் குற்றம் சாராது. அதனிற் குறைந்த குற்றமே சாரும் என்று சட்டம் விதிவிலக்கும் தந்துள்ளது. ஆயின் தான் அங்கே நில்லாமல், தனக்குப் பதிலாக ஒரு பொறியைக் கொல்லுமாறு வைத்துவிட்டுப் போகிறவன் நிலை வேறு. அவன் அஞ்சவில்லை, வந்தவன் முகத்தைப் பார்க்கவுமில்லை. பொறிக்குக் கண் கிடையாது. வருபவன் கொலைஞனா, பசித்த சிறுவனா, வழிதவறிய கிழவியா, தன் தகப்பனேயா என்று அது வினவுவதில்லை. பொறியின்மேல் சூரியன் ஒருபோதும் உதிப்பதில்லை.

இங்கிலாந்தில் ஒருகாலத்தில் பொறித்துப்பாக்கி வைத்துத் தோட்டங்களையும் வேட்டைக்காடுகளையும் காக்கும் வழக்கம் மிகுந்திருந்தது. தரையோடு தரையாகக் கம்பியை இழுத்துத் துப்பாக்கியின் விசையிற் பிணைத்துவிடுவர். காலிடறினவன் உடலிற் குண்டு பாயும். 1825-இல் பிரிஸ்டல் நகரையடுத்த மதில்சூழ்ந்த தோட்டம் ஒன்றில் இது நிகழ்ந்தது. தோட்டத்துக்குரியவர் விலையுயர்ந்த தூலிப் மலர்களை வளர்த்தவர். முன்னொரு முறை இருபது பவுன் பெறுமான செடிகளும் கிழங்குகளும் களவு போயினமையால் பொறித்துப்பாக்கி வைத்தார். எச்சரிக்கைப் பலகை ஒன்றும் வைக்கவில்லை. அயலார் பெண்மயில் ஒன்று பறந்து அத்தோட்டத்துள் விழுந்தது. அதனைத் தேடித் தவித்த வேலைக்காரிக்கு உதவ முன்வந்த இளைஞன் ஒருவன், தோட்டத்தில் யாரேனும் உளரா என்று மதில்மேல் நின்று அழைத்துப் பார்த்து, விடை வாராமையால் உள்ளே குதித்தான். மாலைப்பொழுது, வெளிச்சம் இருந்தது. குண்டு அவன் முழங்காலைச் சிதைத்தது.

வழக்கு 1828-இல் முடிவுற்றது. இளைஞனுக்கே தீர்ப்பளித்த தலைமை நீதிபதி பெஸ்ட், கிறிஸ்து மார்க்கம் தடுக்கும் செயல் எதுவாயினும் சட்டத்தின் கை அதனை எட்டும் என்னும் கருத்துப்படப் பேசினார். எட்டாண்டுகளுக்கு முன், எச்சரிக்கையை அறிந்தும் காட்டுள் நுழைந்து காயமுற்ற ஒருவனுக்கு இழப்பீடு இல்லையென்று தீர்த்த நீதிபதிகளுள் இவரும் ஒருவர் என்பது நினைக்கத்தக்கது. எச்சரிக்கை உண்டா இல்லையா என்பதை வைத்தே அவர் இவ்விரு தீர்ப்புக்களையும் வேறுபடுத்தினார். ஆயின் இவ்வழக்கு முடியுமுன்பே 1827-இல் பார்லிமெண்டு அவ்வேறுபாட்டையும் கடந்து சென்றுவிட்டது. உயிரைப் போக்கவோ கொடுங்காயம் விளைக்கவோ பொறித்துப்பாக்கி வைப்பதே குற்றம் என்று அச்சட்டம் விதித்தது. இரவில் குடியிருக்கும் வீட்டுள் வைப்பதற்கு மட்டும் விலக்களித்தது. ஈண்டும் இரவும் வீடுமே விலக்காக நின்றதை வாசகர் நோக்குக.

அமெரிக்காவில் ஐயோவா இராச்சியத்தில் நடந்த வழக்கு இன்னும் அண்மையது. குடியிருப்பாரின்றிக் கிடந்த பழைய பண்ணைவீடு ஒன்று. ஆண்டுகள் பலவாக அதனைப் பலர் உடைத்துப் புகுந்து பொருள்களைச் சூறையாடினர். உரியவரான கணவனும் மனைவியும் பலகையடித்துச் சன்னல்களை அடைத்தனர், நுழையலாகாதென்று அறிவிப்பும் வைத்தனர், பயனில்லை. ஈற்றில் 1967-இல் படுக்கையறைக் கதவு திறந்தால் வெடிக்குமாறு துப்பாக்கி ஒன்றைக் கட்டிலிற் பொருத்தினர். வயிற்றுக்கு நேராக இருந்ததைக் காலுக்கு நேராகத் தாழ்த்தச் சொன்னவர் மனைவி. பழைய புட்டிகளும் சாடிகளும் தேடி வந்தவன் ஒருவன் கதவைத் திறந்தான். அவன் கால் சிதைந்தது. களவுக்காக அவனுக்குக் கிடைத்த தண்டம் ஐம்பது டாலர். அறுபது நாட்சிறை விதிக்கப்பட்டு, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. அவனுக்கு உரியவர்கள் செலுத்துமாறு தீர்ப்பான இழப்பீடோ முப்பதினாயிரம் டாலர்! 1971-இல் இராச்சியத்தின் உயர்ந்த நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. கணவனும் மனைவியும் தம் நிலத்தின் பெரும்பகுதியை விற்கும்படி நேர்ந்தது. அவர்கள் பட்ட தொல்லையை எண்ணி அக்காலத்தில் அவர்கள்பால் இரங்கினார் பலர், நாமும் இரங்குகிறோம். ஆயினும் அவ்வறையுள் ஆளில்லை. காக்கவேண்டிய உயிர் ஒன்றும் அங்கில்லை. அங்கிருந்தவை பழம்புட்டிகளே.

இவை பிறநாட்டுச் செய்திகள் என்பாருக்கு நம் நாட்டு வழக்கொன்றைக் கூறுவோம். நாம் படித்த வழக்குகளுள் இதனினும் எளியதும் இதனினும் கொடியதும் வேறில்லை. 1959-இல் பீகாரில் ஒரு வீட்டின் கழிப்பிடச் சுவர் இடிந்து விழுந்தது. கழிப்பிடம் தெருவார் கண்ணுக்குத் திறந்து கிடந்தமையால் அவ்வீட்டுப் பெண் முதலியோர் அண்டைவீட்டார் கழிப்பிடத்தைப் பயன்படுத்தலாயினர். அண்டைவீட்டார் அதனை விரும்பவில்லை, வரலாகாதென்று வாயாற் சொல்லிப் பார்த்தார், அவர்கள் கேட்கவில்லை. பின்பு கழிப்பிடத்துக்குச் செல்லும் வழியில் உறையில்லாத செம்புக்கம்பி ஒன்றைக் குறுக்கே கட்டி, வீட்டு மின்னோட்டத்தை அதில் பாய்ச்சினார். கம்பியில் மின்சாரம் உண்டென்று யாதோர் எச்சரிக்கையும் செய்யவில்லை. அப்பெண் உள்ளே செல்லும்போது கம்பியிற் படாமல் தப்பினாள். வெளியே வரும்போது கை பட்டது. சிறிது நேரத்தில் இறந்தாள்.

அண்டைவீட்டார் கவனமின்றிச் சாவு விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, உச்சநீதிமன்றம்வரை சென்றார். இறந்தவள் தன் இடத்தில் அத்துமீறி நுழைந்தவள் என்பதும், தன் உடைமையைக் காக்கும் உரிமை தனக்குண்டு என்பதும் அவர் சார்பில் எழுந்த வாதம். சென்னை உயர்நீதிமன்றத்தினின்று சென்ற நீதிபதி இராசகோபால ஐயங்கார் எழுதிய தீர்ப்பு அதனை ஏற்கவில்லை. பண்டை இங்கிலாந்தில் சட்டத்துக்குப் புறம்பாக்கப்பட்டவனை 'ஓநாய்த்தலையன்' என்பர். கண்டவர் எவரும் அவனைக் கொல்லலாம். அத்துமீறி நுழைந்தவன் அத்தகைய ஓநாய்த்தலையன் அல்லன் என்பது அத்தீர்ப்பின் சாரம். அத்துமீறினான் என்பதற்காக ஒருவனைத் தன் கையால் காயப்படுத்தும் உரிமை நிலத்துக்குரியவனுக்கு இல்லையாயின், கொடுங்காயம் நேருமென்று தான் அறியவேண்டிய ஒன்றை நிலத்தில் வைத்து அதன்வழியாகக் காயப்படுத்தும் உரிமையும் இல்லை. கையாற் செய்யலாகாததைக் கம்பியாற் செய்யலாகாது.

மானத்தை மறைக்கச் சுவரில்லாத ஒரு பெண், அண்டை வீட்டின் கழிப்பிடத்தை நாடினாள். அங்கே களவு போகத்தக்க பொருள் யாதுளது? உரிமை என்னும் சொல் ஒன்றே காக்கப்பட்டது. இவ்வழக்கைப் படிக்குந்தோறும் நமக்கு எழும் எண்ணம் இது.

இனி நம் ஊர்ப்புறங்களுக்கு வருவோம். நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் வாழையையும் காட்டுப்பன்றிகள் ஓரிரவில் உழுது தள்ளிவிடுகின்றன. மோட்டாரின் செம்புக்கம்பியைக் கள்வர் அறுத்துச் செல்கின்றனர். கடன்பட்டு விதைத்தவன் விடியலிற் சென்று வெறும் மண்ணைக் காணும்போது அவன் வயிறு எரிவதை நாம் எளிதாகப் பேசிவிடலாகாது. சாய்வுநாற்காலியில் அமர்ந்து சட்டம் பேசுவது எளிது. பயிர்க்காவல் காப்பது அரிது. ஆயினும் மின்கம்பத்தினின்று களவாகக் கொக்கியிட்டு, வேலிக்கம்பியில் மின்சாரத்தைப் பாய்ச்சி விட்டுச் செல்வதை எவ்வகையாலும் நாம் ஏற்கமாட்டோம். களவைத் தடுக்கப் புகுந்தவன் தானே மின்சாரக் களவு செய்கிறான் என்பதொரு வேடிக்கை. அக்கம்பி பன்றியை மட்டும் தெரிந்தெடுத்துக் கொல்வதில்லை. 2023 மார்ச்சுத் திங்களில் தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளியை அடுத்த நிலமொன்றில் சட்டத்துக்கு மாறாக அமைத்த மின்வேலியிற் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தப்பி நின்றன. யானைக்கு நேர்ந்தது செய்தித்தாளில் படத்தோடு வந்தது. வரப்பில் நடந்த அயல்நிலத்தானுக்கும், விடியுமுன் நீர் பாய்ச்சப்போனவனுக்கும், ஏன், கம்பி கட்டியவனுக்கும் அவன் மகனுக்குமே அது நேரக்கூடும்.

அங்ஙனம் ஒருவர் இறந்தால் தற்காப்பு என்னும் கேடயம் உழவனுக்குக் கிடைக்குமோ? பயிரை மேய்வது கொள்ளையன்று, வெட்டவெளி நிலம் வீடன்று, கம்பிக்கு அச்சமுமில்லை. ஆதலின் 41-ஆம் பிரிவின் நான்கு வாயில்களுள் எதுவும் அவனுக்குத் திறவாது. கவனமின்றிச் சாவு விளைவித்தலுக்குப் பழைய சட்டத்தில் ஈராண்டாக இருந்த பெருந்தண்டனை, புதிய சட்டத்தின் 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டாக உயர்ந்துள்ளது. சாவு நேரக்கூடுமென்று அறிந்தே வைத்தான் என்று மெய்ப்பிக்கப்பட்டால் அதனினும் கொடிய பிரிவு அவனைச் சாரும்.

பொறியைப் பற்றி இவ்வளவு கூறினோம். இனிக் கண்ணிருந்தும் காணாதார் செயலொன்றையும் கூறாதிருக்க இயலவில்லை. அகப்பட்ட கள்வனைக் கட்டிவைத்து ஊர்கூடி அடிக்கும் வழக்கத்தைச் சொல்கிறோம். 2018 பிப்ரவரியில், கோயம்புத்தூருக்கு மேற்கே கேரளத்து அட்டப்பாடியில், அரிசியும் உணவுப்பொருளும் திருடினார் என்று பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைக் காட்டினின்று பிடித்துவந்து, கைகளைக் கட்டி நிறுத்தி, படமும் எடுத்துக்கொண்டு அடித்தனர், அவர் இறந்தார். 2023-இல் நீதிமன்றம் பதின்மூவர்க்கு ஏழாண்டுக் கடுஞ்சிறை விதித்தது. அடித்தவர்கள் தம்மைக் கொலைஞராக எண்ணியிரார். ஊரின் பொருளைக் காத்தவராகவே எண்ணியிருப்பர். ஆயின் களவை எதிர்க்கும் உரிமை, பொருள் மீண்டவுடனேனும் அரசின் துணை கிடைத்தவுடனேனும் முடிந்துபோகிறது என்று 43-ஆம் பிரிவு கூறுகிறது. கை கட்டப்பட்டவனிடமிருந்து காக்கவேண்டிய பொருள் யாது? அதன்பின் விழும் ஒவ்வோர் அடியும் தண்டனையே. தண்டிக்கும் உரிமையோ நீதிமன்றத்துக்கன்றி வேறெவருக்கும் இல்லை.

அந்நீதிமன்றந்தான் களவுக்கு என்ன தண்டிக்கும்? மூன்றாண்டுக்கு மேற்படாத சிறை. புதிய சட்டத்தின் 303-ஆம் பிரிவோ இன்னும் ஒருபடி செல்கிறது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, முதன்முறையாகக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, பொருளையேனும் அதன் விலையையேனும் திருப்பித் தந்தவனுக்குச் சமூக சேவையே தண்டனை. எல்லாச் சான்றும் கேட்டு ஆய்ந்தபின் நீதிபதி ஒருவர் தெருவைப் பெருக்கச் சொல்லத்தக்க குற்றத்துக்கு, சான்று ஒன்றும் கேளாமல் தெருவில் நிற்பவன் சாவைத் தீர்ப்பாகத் தருவது எவ்வகை நியாயம்? சிலம்பொன்றைக் கையிற்கண்ட மாத்திரத்தில் கோவலனைக் கொன்றவர்கள், அச்சிலம்பின் பரல் மாணிக்கமென்று அறிந்தது அவன் மாண்ட பின்பன்றோ? பாண்டியனாவது தான் செய்த பிழையை அறிந்தவுடன் உயிர் விட்டான்.

நம் கருத்துக்கு மாறாக நிற்போரின் வலிய வாதத்தை மறைப்பது நேர்மையன்று. "நள்ளிரவில், தனிவீட்டில், காவல்நிலையம் பல மைல் தொலைவில் இருக்க, கதவு உடையும் ஓசை கேட்டு எழுந்தவன் சட்டப்புத்தகத்தைப் புரட்டுவானோ?" என்பர். புரட்டான், புரட்டவேண்டுமென்று சட்டமும் கூறவில்லை. இரவுக் கன்னத்தை நம் சட்டம் தனித்து எடுத்துவைத்தது அவன் பொருட்டே. இங்கிலாந்தில் நார்போக் மாவட்டத்துப் பண்ணைவீடு ஒன்றில் 1999-இல் இரவில் நுழைந்த இருவரை வீட்டுக்காரர் சுட்டார். பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் முதுகிற் குண்டு பட்டு இறந்தான். வீட்டுக்காரர் கொலைஞரெனத் தீர்க்கப்பட்டு, மேல்முறையீட்டில் 2001-இல் மனநிலை காரணமாகக் குற்றம் குறைக்கப்பட்டது. அந்நாடே இரு பிரிவாகி வாதிட்டது. பின்னர் 2013-இல் அங்கே ஒரு சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. தன் வீட்டில் அத்துமீறி நுழைந்தவனிடமிருந்து உயிரைக் காக்க வீட்டுக்காரன் செய்யும் செயல், வேண்டிய அளவைச் சிறிது கடந்தாலும் பொறுக்கத்தக்கது. மிகமிகக் கடந்தாலன்றிக் குற்றமாகாது என்பது அதன் கருத்து. அத்திருத்தமும் உயிர்க்காவலுக்கே இடந்தந்தது, வெறும் பொருட்காவலுக்கன்று.

அமெரிக்காவின் டெக்சாசு இராச்சியத்துச் சட்டமோ இவற்றின் எல்லையைக் கடந்து நிற்கிறது. இரவில் நிகழும் வெறுங்களவைத் தடுக்கவும், களவாடிய பொருளோடு ஓடுபவனை நிறுத்தவும், வேறு வழியாற் பொருளைக் காக்கவோ மீட்கவோ இயலாதென்று நியாயமாக நம்புபவன் கொல்லும் வலிமையைப் பயன்படுத்த அஃது இடந்தருகிறது. பொருளோடு ஓடுகிறவனின் முதுகு யாரை அச்சுறுத்துகிறது என்று நமக்கு விளங்கவில்லை. இச்சட்டம் நம் நாட்டுக்கு வரவேண்டுமென்று விரும்புவார் உளராயின், அவர்களோடு நாம் எவ்வகையாலும் உடன்பட இயலாது.

நம் சட்டத்திலேயே ஓரிடம் நமக்கு முழு நிறைவு தரவில்லை என்பதையும் சொல்லிவிடுவோம். நான்காவது வகையில் சாவுக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்சும் நிலை வேண்டுமென்று வெளிப்படையாகக் கூறிய சட்டம், இரவில் வீட்டை உடைத்துப் புகுதலில் அச்சொற்களைச் சேர்க்கவில்லை. இருளே அச்சத்துக்குச் சான்றென்று 1860-இல் எண்ணினர் போலும். அன்று ஊர்களில் தெருவிளக்கில்லை, தொலைபேசியில்லை. இன்று விசையைத் தொட்டால் அறை முழுதும் பகலாகிறது. விளக்கைப் போட்டவுடன் நிற்பவன் எதிர்வீட்டுச் சிறுவன் என்றும், கையிற் படைக்கலம் இல்லையென்றும் கண்டபின்னும் இரவு என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு அவனைக் கொல்லலாமோ? தேவைக்கு மேற்பட்ட தீங்கு ஆகாதென்னும் 37-ஆம் பிரிவு அவனைக் காக்கும் என்று நம்புகிறோம். ஆயினும் 2023-இல் பழஞ்சட்டத்தைப் புதுக்கியபோது, இரவு என்னும் சொல்லை எடுத்து ஞாயிறு மறைவு, எழுச்சி என்று எழுதினரேயன்றி, அஞ்சத்தக்க நிலை வேண்டுமென்று அங்கும் ஒரு சொற்றொடர் சேர்த்தாரில்லை. சேர்த்திருக்கலாம் என்பது நம் துணிபு.

மின்வேலியை முற்றும் விலக்கவேண்டுமென்பதும் நம் கருத்தன்று. சூரிய ஒளியாற் சேமித்த மின்சாரத்தை, அதற்கெனச் செய்த கருவியின் வழியாக மிகக் குறுகிய துடிப்புக்களாக விட்டுவிட்டுப் பாய்ச்சும் வேலி உண்டு. முறைப்படி அமைத்த அவ்வேலியைத் தொட்ட விலங்கு அதிர்ந்து விலகும், உயிர் போகாது. காடுகளை அடுத்த நிலங்களில் இத்தகைய வேலிகளை வனத்துறையிடம் பதிவுசெய்து அமைக்கத் தமிழ்நாட்டரசு 2023-இல் விதிகள் வகுத்துள்ளது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மாணவ நண்பர்கள், தம் வீட்டாரின் நிலத்திலோ அயலார் நிலத்திலோ மின்கம்பத்தினின்று நேரே இழுத்த கம்பி ஏதேனும் உளதாவென்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை சென்று பார்ப்பார்களாக. இருந்தால் அதனைத் தாமே தொட்டு அவிழ்க்க முற்படவேண்டா. மின்வாரியத்தாரை அழைத்து முதலில் மின்னோட்டத்தை நிறுத்தச் செய்வதே வழி.